எட்டு பேருக்குப் பிரியாணி: தம்பியின் முதல் விருந்து, நேரம் நேரமாக

என் தம்பிக்கு வயது 24. திண்டுக்கல்லில் அம்மா கையால் சாப்பிட்டு வளர்ந்தவன், வேலைக்காகச் சென்னை போய் ஒன்றரை வருடம் ஆகிறது. வேளச்சேரியில் இரண்டு அறை வீடு, இரட்டை அடுப்பு, மூன்று லிட்டர் குக்கர் ஒன்று. ஹோட்டல் சாப்பாடு வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாமல் போனதால் அம்மாவிடம் போனில் கேட்டுக் கேட்டு சமையல் பழகினான். அவனுக்கும் அவன் அறைத் தோழனுக்குமாக நான்கு முறை கோழிப் பிரியாணி செய்திருக்கிறான். நான்கு முறையும் நன்றாகவே வந்தது. அந்தத் தைரியத்தில் மே மாதம் ஒரு சனிக்கிழமை ராத்திரி நண்பர்கள் ஆறு பேரைச் சாப்பிட அழைத்தான். இவர்கள் இரண்டு பேரையும் சேர்த்தால் எட்டு.

எட்டு மணிக்குப் பரிமாறுவதாக இருந்தது. இலையில் சோறு விழும்போது மணி 9.25. சோறு அடியில் தீய்ந்து, நடுவில் குழைந்து, மேலே அரிசியாக நின்றது. மறுநாள் காலை போன் செய்தவன், "எனக்கு சமையல் வராதுக்கா, விட்டுடறேன்" என்றான். எனக்கு மனசு கேட்கவில்லை. நான்கு முறை சரியாக வந்த கை ஐந்தாம் முறை எப்படித் திடீரென்று வராமல் போகும்? அன்றைக்கு அவன் போனில் எடுத்த படங்கள், குடும்பக் குழுவுக்கு அனுப்பிய செய்திகள், கடைச் சீட்டு எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டு இரண்டு பேரும் உட்கார்ந்து ஒவ்வொரு படியாகப் பார்த்தோம். படங்களில் நேரம் பதிவாகியிருந்ததால் நினைவை மட்டும் நம்ப வேண்டியிருக்கவில்லை. முதல் முறை நாலு பேரைக் கூப்பிட்டு சமைக்கப் போகும் யாருக்காவது உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

அவன் போட்ட திட்டம்

கோழிப் பிரியாணி, சிக்கன் 65, கத்திரிக்காய்த் தொக்கு, தயிர் பச்சடி, சேமியா பாயசம். கறி சாப்பிடாத நண்பர் ஒருவர் உண்டு. அவருக்கும் இன்னும் ஒருவருக்கு ஆகும் அளவுக்கும் தனியாகக் காய்கறி பிரியாணி. ஆக மொத்தம் ஆறு பதார்த்தம், இரண்டு அடுப்பு, ஒரு ஆள்.

அளவுக்கு அவன் எடுத்துக்கொண்டது அம்மாவின் கணக்கு. கால் கிலோ சீரக சம்பா, அதாவது ஒன்றரை டம்ளர். 300 கிராம் கறி. இரண்டு பெரிய வெங்காயம். அரிசிக்கு ஒன்றுக்கு ஒன்றரை என்று இரண்டே கால் டம்ளர் தண்ணீர். இதை அப்படியே நான்கால் பெருக்கினான். அரிசி ஒரு கிலோ, கறி 1.2 கிலோ, வெங்காயம் எட்டு, தண்ணீர் ஒன்பது டம்ளர். அவ்வளவும் மூன்று லிட்டர் குக்கரில் கொள்ளாது என்று கீழ் வீட்டுக்கார அம்மாவிடம் அலுமினிய டேக்சா ஒன்றை இரவல் வாங்கினான். பத்து லிட்டர் பிடிக்கும், அகலமானது, அடி மெலிசு.

தட்டு நான்குதான் இருக்கிறது என்று முன்னாலேயே யோசித்து வாழை இலை வாங்கி வைத்திருந்தான். இதைச் சொல்லியே ஆக வேண்டும். அக்கறை இல்லாமல் கூப்பிட்டவன் இல்லை அவன்.

பகல்

காலை 10.30க்குக் கறி வாங்கி வந்து ஃபிரிட்ஜில் வைத்தான். 12.15க்கு வெளியே எடுத்து தயிர், மிளகாய்த்தூள், மஞ்சள், உப்பு போட்டுப் பிரட்டி, சமையல் மேடையிலேயே மூடி வைத்துவிட்டான். அதற்குள் ஃபிரிட்ஜில் ஆறு சோடா பாட்டில் ஏறிவிட்டது, திரும்ப வைக்க இடமில்லை. 12.55க்குப் பெருமையாக ஒரு படம் எடுத்துக் குழுவில் போட்டான். அம்மா பார்த்தவுடன் கூப்பிட்டாள்.

"கறியை உள்ள வைடா. பாட்டிலைத் தூக்கி வெளிய வை. அது ஒண்ணும் கெட்டுப் போகாது."

அம்மா சொன்னது அனுபவம். அதற்குப் பின்னால் இருக்கும் காரணமும் தெரிந்திருப்பது நல்லது. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில்தான் கிருமிகள் வேகமாகப் பெருகும். சமைக்காத கறி சாதாரண நாளில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருக்கக் கூடாது; வெயில் 32 டிகிரியைத் தாண்டிய நாளில் ஒரு மணி நேரம்தான். சென்னையில் மே மாத மத்தியானத்தில் சமையலறை எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. நாற்பது நிமிடத்தில் கறி உள்ளே போனது. அன்றைக்கு நடந்த பிசகுகளிலேயே பெரிய விபரீதமாகியிருக்கக் கூடியது இதுதான். பிரியாணி குழைந்தால் வருத்தம், கறி கெட்டால் அதைச் சாப்பிட்ட அத்தனை பேருக்கும் ஆஸ்பத்திரி.

நாலு மணிக்கு நறுக்க உட்கார்ந்தான். ஒரு மணி நேரத்தில் முடியும் என்று நினைத்தது 5.50 வரை இழுத்தது. கத்திக்குப் பழகாத கை, எட்டு வெங்காயம், கத்திரிக்காய், தக்காளி, காய்கறி பிரியாணிக்குக் கேரட் பீன்ஸ், அதன் பிறகு இஞ்சி பூண்டு தோல் உரிப்பது. புதிதாகச் சமைக்கிறவர்கள் அடுப்பு நேரத்தை மட்டும் கணக்கு வைக்கிறார்கள், பாதி வேலை அரிவாள்மனையிலும் கத்தியிலும் இருப்பது செய்து பார்த்தால்தான் தெரிகிறது.

6.00க்கு இரண்டு பிரியாணிக்குமான அரிசியை ஒரே பாத்திரத்தில் களைந்து ஊற வைத்தான். 6.20க்குக் காய்கறி பிரியாணிக்குக் குக்கர் ஏறியது. 6.40க்கு அதில் அரிசி போட்டான், ஒரு விசில், அடுப்பை அணைத்து 7 மணிக்குத் திறந்தான். உதிரியாக இருந்தது. படம் இருக்கிறது.

வெங்காயம்

6.50க்கு டேக்சா பெரிய அடுப்பில் ஏறியது. எண்ணெய், நெய், பட்டை, கிராம்பு, ஏலம், பிரிஞ்சி இலை, அதன் மேல் வெங்காயம். அன்றைய ராத்திரியின் தலைவிதி இங்கேதான் எழுதப்பட்டது என்பது என் முடிவு. அதனால் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன்.

6.58க்கு ஒரு படம். வெங்காயம் வாடக்கூட இல்லை. டேக்சாவின் நடுவில் மட்டும் நுரை கட்டுகிறது, ஓரங்களில் பச்சையாகவே கிடக்கிறது. 7.08க்கு இன்னொரு படம். இப்போது எல்லாம் கண்ணாடி போல ஆகியிருக்கிறது. ஆனால் பொன்னிறம் ஒரு துண்டில்கூட இல்லை, அடியில் எண்ணெயோடு வெங்காயச் சாறு தேங்கி நிற்கிறது. அது வதங்கவில்லை, வெந்துகொண்டிருந்தது. குக்கரில் செய்யும்போது எட்டே நிமிடத்தில் சிவந்துவிடும் வெங்காயம் பதினெட்டு நிமிடம் ஆகியும் சிவக்காததால், வதக்கியது போதும் என்று நினைத்து இஞ்சி பூண்டு விழுதைப் போட்டுவிட்டான். நான் பக்கத்தில் இருந்திருந்தாலும் அவன் அவசரத்தைத் தடுத்திருப்பேனா தெரியாது.

வெங்காயத்தில் கிட்டத்தட்ட பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். அந்தத் தண்ணீரில் பெரும்பகுதி ஆவியாகும்வரை பாத்திரத்தின் உள்ளே 100 டிகிரியைத் தாண்டாது. வெங்காயம் சிவந்து வாசனை வர 140 டிகிரி அளவுக்கு ஏற வேண்டும். 1912இல் மயார் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் விவரித்த வினை இது. கறி வறுபடுவது, ரொட்டி சிவப்பது எல்லாம் இதே கதைதான். ஒரு லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர ஏறக்குறைய 290 கிலோஜூல் வெப்பம் போதும். அதே ஒரு லிட்டரை முழுக்க ஆவியாக்க 2,260 கிலோஜூல் வேண்டும், ஏறத்தாழ எட்டு மடங்கு. அடுப்போ அதே அடுப்பு. இரண்டு வெங்காயத்துக்கு எரிந்த அதே தீதான் எட்டு வெங்காயத்துக்கும் எரிந்தது. அரிசியை நான்கால் பெருக்கினான், வெங்காயத்தைப் பெருக்கினான், தண்ணீரைப் பெருக்கினான். தீயை எப்படிப் பெருக்குவது? அதற்கு ஈடாக நேரத்தைத்தான் கொடுக்க வேண்டும். அவனிடம் நேரம் இல்லை.

7.15க்குத் தக்காளி, 7.25க்குக் கறி. 7.30க்கு நண்பர்கள் வந்தார்கள். பக்கத்து அடுப்பில் சிக்கன் 65 பொரிக்க ஆரம்பித்தான். "மச்சான், நான் என்ன செய்யணும் சொல்லு" என்று ஒருவன் சமையலறை வாசலில் வந்து நின்றிருக்கிறான். "நீ உக்காருடா, நான் பாத்துக்கறேன்" என்று அனுப்பிவிட்டான். விருந்தாளியை வேலை வாங்கக் கூடாது என்ற எண்ணம். 65ஐப் பொரிக்க ஒரு கை கிடைத்திருந்தால் டேக்சாவின் மேல் கண் இருந்திருக்கும்.

7.48 படத்தில் கறித் துண்டுகள் சாறில் மிதக்கின்றன. 7.50க்கு அதன் மேல் கணக்குப்படி ஒன்பது டம்ளர் தண்ணீர். 8.02க்குக் கொதி வந்ததும் அரிசி. 8.20க்கு மூடி போட்டுத் தீயைக் குறைத்தான். 8.35க்கு வாடை வந்தது.

வீடியோ கால்

8.40க்கு என்னைக் கூப்பிட்டான். முகம் வேர்த்திருந்தது.

"அக்கா, அடி பிடிச்ச வாடை வருதுக்கா. மேல பாத்தா அரிசி அப்படியே இருக்கு. கிண்டி விடட்டா?"

"கிண்டாத. கரண்டியைக் கீழ வை. மொதல்ல அடுப்பை அணை."

கிண்டியிருந்தால் தீய்ந்த வாடை மொத்தச் சோற்றிலும் ஏறியிருக்கும். மேல் அடுக்கை மெதுவாக வழித்து அகலமான வாணலிக்கு மாற்றச் சொன்னேன். ஒரு சோற்றை எடுத்து விரலில் நசுக்கச் சொன்னேன். நடுவில் வெள்ளையாக ஒரு புள்ளி கடினமாக நின்றது. அதன் மேல் முக்கால் டம்ளர் வெந்நீரைத் தெளித்து, தட்டு போட்டு மூடி, தோசைக்கல்லைச் சூடாக்கி அதன் மேல் வாணலியை வைத்துச் சிறு தீயில் இருபது நிமிடம். நடுவில் குழைந்திருந்ததை வேறொரு பாத்திரத்தில் ஆறவிட்டான். அடியோடு ஒட்டிக்கொண்டதை டேக்சாவிலேயே விட்டுவிட்டோம். வீட்டுக்கார அம்மாவிடம் திருப்பித் தரும் முன் இரண்டு நாள் ஊற வைத்துத் தேய்க்க வேண்டியிருந்தது.

9.25க்கு எட்டு இலையிலும் சாப்பாடு விழுந்தது. யாரும் குறை சொல்லவில்லை. "கறி நல்லா வெந்திருக்குடா" என்று ஒருவன் சொன்னானாம். இவனுக்கு அது காதில் ஏறவே இல்லை.

எதனால் என்ன ஆனது

ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு பேரும் பேசியபோது என் கண்ணில் முதலில் பட்டது காய்கறி பிரியாணி. அதே ஆள், அதே சாயங்காலம், ஒரே பாத்திரத்தில் ஊறிய அதே அரிசி. குக்கரில் சரியாக வந்தது, டேக்சாவில் கெட்டது. ஆகவே கையில் கோளாறு இல்லை. இதை அவனுக்குச் சொன்னபோது போனில் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

குக்கர் பிரியாணியிலும் ஒரே ஒரு குறை இருந்தது, உப்பு தூக்கல். கோழிப் பிரியாணியிலும் அதே தூக்கல். இரண்டிலும் இருந்ததால் அளவைப் பெருக்கியதற்கும் உப்புக்கும் சம்பந்தமில்லை என்று தெரிந்தது. விசாரித்தால், கல் உப்பு தீர்ந்துபோய் தூள் உப்பு போட்டிருக்கிறான், அதே கரண்டியில். கல் உப்பில் கற்களுக்கு நடுவே இடைவெளி இருக்கும். தூள் உப்பு நெருக்கமாக அடங்கும். ஒரே கரண்டி என்றாலும் தூள் உப்பு எடை கூடுதல். அம்மாவின் கரண்டிக் கணக்கு கல் உப்புக்கான கணக்கு என்பதை அம்மாவும் சொல்லவில்லை, நாங்களும் கேட்டதில்லை.

அடுத்தது தண்ணீர். இதில்தான் எனக்கும் ஒரு பாடம் கிடைத்தது. "ஒண்ணுக்கு ஒண்ணரை" என்று அம்மா சொல்வது சுருண்ட மசாலாவின் மேல் ஊற்றும் தண்ணீர். கால் கிலோ அளவில் செய்யும்போது தீ கொஞ்சப் பொருளைப் பிடித்து உலுக்குகிறது. கறி விடும் சாறும் தக்காளிச் சாறும் தயிரும் அரிசி போடும் முன்பே வற்றி, எண்ணெய் பிரிந்துவிடுகிறது. அவன் மறு வாரம் கால் கிலோ அளவில் செய்து, மசாலாவைக் கரண்டியால் ஒதுக்கிப் பார்த்தான். குழியில் இரண்டு கரண்டிச் சாறுகூடத் தேங்கவில்லை. டேக்சாவிலோ கறி மிதந்துகொண்டிருந்தது. கோழியிலேயே நூற்றுக்கு எழுபது பங்குக்கு மேல் தண்ணீர்தான். சூடு ஏற ஏறத் தசைநார் சுருங்கி அதைப் பிழிந்து வெளியே தள்ளும். அந்தச் சாறு அப்படியே இருக்க, அதன் மேல் இன்னும் ஒன்பது டம்ளர். பிரியாணி மாஸ்டர்கள் கறித் தண்ணியையும் சேர்த்துக் கணக்குப் போட்டுத்தான் மேல் தண்ணீர் ஊற்றுவார்கள். வீட்டில் சின்ன அளவில் செய்கிறவர்களுக்கு அந்தக் கணக்கே தேவைப்படுவதில்லை, அதனால் சமையல் குறிப்பில் அது வருவதும் இல்லை.

அரிசி வேறு தன் பங்குக்கு ஊறிப் போயிருந்தது. சீரக சம்பாவுக்கு இருபது முப்பது நிமிடம் போதும். குக்கருக்குப் போன அரிசி நாற்பது நிமிடம் ஊறியது. டேக்சாவுக்குப் போனது இரண்டு மணி நேரம். வெங்காயம் பிந்தியதால் கறி பிந்தியது, கறி பிந்தியதால் அரிசி தண்ணீரிலேயே கிடந்தது. வடிகட்டி வைத்திருந்தால் போதும், அவனுக்குத் தோன்றவில்லை.

தண்ணீர் அதிகம் என்றால் மேலே ஏன் வேகவில்லை, அடி ஏன் தீய்ந்தது? அதற்குக் காரணம் பாத்திரம். அடுப்பின் தீ வட்டம் உள்ளங்கை அகலம், டேக்சாவின் அடி அதைப்போல மூன்று மடங்கு. மெலிசான அலுமினியம் தீ பட்ட இடத்திலேயே காய்ந்துவிடும். அரிசி தண்ணீரை இழுத்து இறுகிய பிறகு உள்ளே கொதி சுழலாது, அடியின் சூடு மேலே ஏற வழியில்லை. மூடியும் சரியாகப் பொருந்தவில்லை, மேலே பாரமும் வைக்கவில்லை. மேல் அடுக்கை வேகவைக்க வேண்டிய ஆவி வெளியே போய்விட்டது. கல்யாண வீடுகளில் மூடியின் மேல் நெருப்புக் கங்கு அள்ளிப் போடுவது இதற்காகத்தான்.

பட்டை கிராம்பையும் நான்கால் பெருக்கியதில் வாசனை கொஞ்சம் தொண்டையைப் பிடித்தது. பெரிய அளவில் சமைக்கிறவர்கள் மசாலாச் சாமான்களை அதே விகிதத்தில் ஏற்றுவதில்லை. இது சின்ன விஷயம்.

மிச்சச் சோறு பற்றி ஒரு வார்த்தை. சாப்பாடு முடிந்து நண்பர்கள் கிளம்பிய பிறகு மிஞ்சியதை அப்படியே மூடி வைத்துவிட்டு, காலையில் சாப்பிடலாம் என்று படுக்கப் போனான். நான் விடவில்லை. வெந்த சோற்றிலும் சில கிருமி வித்துகள் உயிரோடு இருக்கும். ராத்திரி முழுக்க வெதுவெதுப்பில் கிடந்தால் அவை முளைத்து நஞ்சு கக்கும், அந்த நஞ்சு மறுபடி சூடு பண்ணினாலும் போகாது. அகலத் தட்டில் பரப்பி ஆற்றி, மூடி, ஃபிரிட்ஜில் வைக்கச் சொன்னேன்.

மூன்று வாரம் கழித்து

அதே ஆறு பேரைத்தான் மறுபடி அழைத்தான். வேறு ஆட்களைக் கூப்பிடு என்று நான் சொன்னேன், கேட்கவில்லை.

பதார்த்தம் நான்காகக் குறைந்தது: இரண்டு பிரியாணி, தயிர் பச்சடி, பாயசம். பாயசமும் பச்சடிக்கு வெங்காயமும் மதியமே தயார். பிரியாணிக்கான வெங்காயத்தை மூன்று மணிக்கே வாணலியில் மூன்று தடவையாகச் சிவக்க வதக்கி எடுத்து வைத்தான். ஒவ்வொரு தடவையும் பத்துப் பன்னிரண்டு நிமிடம். டேக்சா வேண்டாம் என்று முடிவு செய்து ஐந்து லிட்டர் குக்கர் இரண்டு இரவல் வாங்கினான், ஒன்று அதே வீட்டுக்கார அம்மாவிடம், ஒன்று அலுவலக நண்பர் ஒருவரிடம். அரிசி மாதிரி பொங்கும் பொருளைக் குக்கரில் பாதிக்கு மேல் ஏற்றக் கூடாது. ஒரு குக்கருக்கு அரைக் கிலோ அரிசி போட்டால் பாதியில் நிற்கும். காய்கறி பிரியாணியைச் சின்னக் குக்கரில் முன்னாலேயே முடித்துச் சூடாக மூடி வைத்தான்.

கறி வெந்ததும் சாறைக் கரண்டியால் எடுத்து டம்ளரில் அளந்தான். ஒவ்வொரு குக்கரிலும் ஒரு டம்ளர் இருந்தது. மூன்று டம்ளர் அரிசிக்கு நாலரை என்பது கணக்கு. சாறைக் கழித்து மூன்றரை டம்ளர் மட்டும் ஊற்றினான், அதையும் பக்கத்தில் கொதிக்க வைத்து. அரிசியை அரை மணி நேரத்தில் வடித்து வைத்துவிட்டான். கல் உப்பு வாங்கி வந்திருந்தான். ஏழரைக்கு வந்த நண்பர்களில் ஒருவனிடம் பச்சடியைக் கொடுத்தான், இன்னொருவன் முட்டை உரித்தான்.

8.10க்கு இலை போட்டார்கள். 8.50க்குக் குழுவில் ஒரு படம் வந்தது. காலியான குக்கரைச் சாய்த்துப் பிடித்து எடுத்திருந்தான். அடி வெள்ளையாகப் பளபளத்தது, ஓரத்தில் நாலு பருக்கை ஒட்டியிருந்தது. அம்மா அதைப் பெரிதாக்கி ரொம்ப நேரம் பார்த்தாள். அப்புறம் போனை எடுத்து அவனைக் கூப்பிட்டு, "நீ சாப்பிட்டியாடா, இல்ல எல்லாத்தையும் அவனுகளுக்கே போட்டுட்டியா?" என்று கேட்டாள்.